பழைய பைக் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறதா? கார்ப்பரேட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100-ஐ ஊரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்திருக்கிறீர்கள். மூணு வாரம் கழித்து உதைத்தால், சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. "கார்ப்பரேட்டர் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். சிவாஜிநகர் குஜிரிக்குக் கிளம்பும் முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பல நேரங்களில் கெட்டுப்போயிருப்பது உள்ளே தேங்கிய பெட்ரோல்தான்.

20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் அறிமுகமானது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் போவதும் டேங்கின் அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாய், வாஷர்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கலாம். புது பைக்குகளில் சென்சார் பார்த்து எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும். உங்கள் வண்டியில் அளவைத் தீர்மானிப்பது ஒரு பித்தளை ஓட்டை. அவ்வளவுதான்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போது நிற்காமல் ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து பெட்ரோல் குழாயைக் கழற்றி டேப்பைத் திறங்கள். தாரையாக வராமல் சொட்டினால் டேப்பின் வடிகட்டியைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். (பேஸ்மென்ட்டில் வேண்டாம், வெளியே தள்ளிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.)

அதுவும் சரியென்றால் டேப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டர் அடியில் இருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனி அடுக்காகவோ முத்து முத்தாகவோ ஏதாவது நிற்கிறதா? தண்ணீர்தான். டேங்கையும் காலி செய்தாக வேண்டும். துரு தெரிந்தால் டேங்கின் உட்பக்கமே அரித்திருக்கிறது என்று அர்த்தம். கார்ப்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பிரச்சினை திரும்ப வரும்.

சோக் எடுத்ததும் நிற்கிற வண்டியில் முதல் சந்தேகம் பைலட் ஜெட் மேல்தான். முடி நுழையும் அளவு துளை அது. ஊசி, கம்பி விடாதீர்கள். பித்தளை தேய்ந்தால் அளவே மாறிவிடும். கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதினால் போதும். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் முறுக்கினால் இழுக்கவில்லை என்றால் மெயின் ஜெட்டைப் பாருங்கள். வெளியே ஒழுகினால் ஃப்ளோட் நீடில் தேய்ந்திருக்கும், அல்லது அதன் இடுக்கில் தூசி.

"ஓடுதே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று டூ-ஸ்ட்ரோக்கில் விடாதீர்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். பின்சக்கரம் அப்படியே இறுகிவிடும். ஓடும்போது நடந்தால் ஆளையே தூக்கிப் போட்டுவிடும்.

எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய ஜெட்டைக் கையோடு குஜிரிக்கு எடுத்துப் போங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்கணும். "இதுவும் அதே மாதிரிதான்" என்று கடைக்காரர் தமிழிலேயே சொல்வார். எண்ணைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.