நட்சத்திரம் தெரியும் கூரை

கூரை வேய்ந்தால் இடுக்கில்லாமல் வேய வேண்டும் என்போம். ஆனால், இடுக்கு வழியே வானம் தெரியும்படிதான் வேய வேண்டும் என்கிற பண்டிகை எது, தெரியுமா?

யூதர்களின் அறுவடைத் திருநாளான சுக்கோத்! எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் தங்கியதன் நினைவாக, முற்றத்திலோ மொட்டை மாடியிலோ சின்னப் பந்தல் போடுவார்கள். ஒரு வாரம் சாப்பாடு அதற்குள்தான். மேலே தழையும் ஓலையும் மட்டும். பகலில் நிழல் தர வேண்டும்; இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும். பேரீச்சங்குருத்தோடு நாரத்தை போன்ற மணமுள்ள பழத்தையும் ஏந்தி, நாலு திசையிலும், மேலும் கீழுமாக அசைத்து வழிபடுவார்கள்.

சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வணிகம் செய்ய வந்து கொல்கத்தாவில் குடியேறிய யூதர்களும் இதைக் கொண்டாடினார்கள். அங்கே துர்கா பூஜைப் பந்தல்கள் எழும் பருவமும் அதுதான்! இன்று அந்தச் சமூகத்தில் மிஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலரே. 1884-இல் கட்டிய அவர்களின் மாகேன் டேவிட் ஜெப ஆலயத்தைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருகிறவர்கள் யார் தெரியுமா? முஸ்லிம் ஊழியர்கள். கொல்கத்தா போனால், அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்!