முதலில் பயிற்சி, பிறகுதான் உறுதிமொழி

துவாஸ் தங்கும் விடுதிகளில் தொண்டூழியம் செய்ய விரும்பும் வானொலி நேயர்கள், ‘எந்த ஞாயிறு வரலாம்?’ என்று என்னிடம் கேட்பதுண்டு. ‘என்ன கற்றுக்கொண்டு வரவேண்டும்?’ என்று கேட்பவர் குறைவு.

அப்போதெல்லாம் அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ அமைப்பு நினைவுக்கு வரும். 1961ல் அதிபர் கென்னடி தொடங்கியது. துவாஸ் பாலத்துக்கு அப்பால் மலேசியாவிலும், 1962 முதல் 1983 வரை அதன் தொண்டூழியர்கள் ஆசிரியர்களாகவும் தாதியராகவும் வேலை பார்த்தனர்.

சேர்ந்த உடனே யாரும் தொண்டூழியர் ஆவதில்லை. சுமார் மூன்று மாதம் பயிற்சி பெறுபவர்தான். இப்போது அந்தப் பயிற்சி, போகும் நாட்டிலேயே உள்ளூர்க் குடும்பத்துடன் தங்கி நடக்கிறது. மொழி நாவில் புரளவேண்டும், சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவரவேண்டும். முடியாதவர் ஊர் திரும்பலாம். அதன் பிறகே வலக்கையை உயர்த்தி உறுதிமொழி. காப்பதாகச் சொல்வது அமெரிக்க அரசமைப்பை. இரண்டாண்டு உழைப்பதோ வேற்று நாட்டு மக்களுக்கு. வேடிக்கைதான்!

ஆனாலும் இந்த வரிசை எனக்குப் பிடிக்கிறது. இரவு வேலை முடித்தவர் எப்போது தூங்குவார் என்று தெரிந்துகொண்டு விடுதிக்குப் போனால், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஜிம்மி கார்ட்டரின் தாயார் லிலியன், 68 வயதில் மூன்று மாதப் பயிற்சியை முடித்த பிறகே இந்தியா சென்றார். மும்பையின் விக்ரோலியில் 21 மாதம் தாதியாகப் பணிபுரிந்தார்.