கைப்பேசியைக் கீழே வைத்தால் கைக்கு என்ன வேலை?

"எந்நேரமும் செல்லையே நோண்டாதே" என்று பிள்ளையைத் திட்டாத அப்பா ஊரில் இல்லை. அதே அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தால், தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் தலை நிமிர்வதில்லை. பக்கத்து வயல்காரர் வந்து போனதுகூடத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த அப்பாக்களுக்கு, அதாவது நம்ம ஆம்பளைங்களுக்கு.

இது சோம்பேறித்தனத்தால் வந்த பழக்கம் இல்லைங்க. இதற்கு ஒரு காரணம் இருக்கு.

ஏற்றம் இறைக்க மேலே மிதிக்க ஒருத்தர், கீழே சாலைப் பிடித்து ஊற்ற ஒருத்தர் வேண்டும். ஏரி வாய்க்காலைத் தூர்வார ஊரே கூட வேண்டும். போரடிக்க, கூரை வேய, கிணறு வெட்ட என்று எல்லாமே கூட்டு வேலை. இன்னைக்கு உன் வயலுக்கு நான், நாளைக்கு என் வயலுக்கு நீ என்று ஆள் மாற்றிக்கொண்டோம். ஆம்பளைங்க எதிரெதிரே உட்கார்ந்து "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிப் பழகியவர்கள் இல்லை. கை வேலை செய்யும்போது, மாட்டைப் பார்த்தபடியே, கடனையும் சொல்வார்கள், பொண்ணு கல்யாணக் கவலையையும் சொல்வார்கள்.

பம்புசெட், டிராக்டர், அறுவடை இயந்திரம் வந்தன. உடம்பு வலி குறைந்தது, நல்லதுதான். ஆனால் கூட்டு வேலையும் போய்விட்டது. ஒத்தை ஆளாக வயலில் நிற்கும் நேரம் கூடியது. 2016-க்குப் பிறகு இணையக் கட்டணம் மலிவானதும், அந்த வெறும் நேரத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுப் பெண்களைப் பாருங்க. நடவும் களையெடுப்பும் இன்னமும் பல ஊரில் கூட்டமாகத்தான் நடக்குது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. சேமிப்புக்காகக் கூடினாலும், குடும்பச் சங்கதியும் அங்கே பேசிக்கொள்கிறார்கள். நமக்கு அப்படி என்ன இருக்கு?

கைப்பேசி நம்மைப் பிடித்து வைக்கும் விதத்தையும் புரிந்துகொள்ளணும். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. படித்து முடித்து மடித்து வைப்போம். கைப்பேசியில் ஓடும் படங்களுக்கு முடிவே கிடையாது. பத்தில் ஒன்று நல்லதாக இருக்கும். அடுத்தது அதைவிட நல்லதாக இருக்குமோ என்று விரல் தள்ளிக்கொண்டே போகும். தூண்டில் போட்டவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது போலத்தான் இதுவும்.

விவசாயத்துக்காகத்தானே பார்க்கிறோம் என்று கேட்கலாம். விலை நிலவரம், மழை அறிவிப்பு, மரபு விதை யாரிடம் இருக்கு என்ற செய்தி எல்லாம் கைப்பேசியில் கிடைப்பது பெரிய உதவிதான். ஆனால் உங்க நெல் இலை மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவாலா, துத்தநாகக் குறைவாலா, தண்ணி வடியாமல் நிற்பதாலா? படம் எடுத்துக் குழுவில் போட்டால் பத்துப் பேர் பதினோரு பதில் சொல்வார்கள். அதே மண்ணில், அதே வாய்க்கால் தண்ணியில் பயிர் வைக்கும் பக்கத்து வயல்காரர் வேரைப் பிடுங்கிப் பார்த்துச் சொல்வார்.

இந்தோனேசியா இதை நடத்திக் காட்டியது. பூச்சிக்கொல்லியைத் தெளிக்கத் தெளிக்க, புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்து, புகையான் பெருகியது. 1986-ல் அந்த அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர் பருவம் முழுக்க வாரம் ஒரு காலையில் வயலில் கூடுவார்கள். சிறு குழுக்களாகப் பிரிந்து கெட்ட பூச்சி எத்தனை, நல்ல பூச்சி எத்தனை என்று எண்ணுவார்கள். பார்த்ததைத் தாளில் வரைந்து, விவாதித்து, தாங்களே முடிவெடுப்பார்கள். பிறகு பல நாடுகளுக்கு இந்த முறை பரவியது.

நம்ம ஊரில் எப்படித் தொடங்கலாம்?

முதலில் அளந்து பாருங்க. எந்தெந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்று பெரும்பாலான கைப்பேசிகளின் அமைப்புகளிலேயே தெரியும். தினம் 2 மணி நேரம் என்றால் மாதம் 60 மணி நேரம். எட்டு மணி நேர வேலையாகக் கணக்குப் போட்டால் ஏழரை நாள்.

அடுத்தது, நேரம் குறியுங்க. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை விலையும் வானிலையும் குழுச் செய்தியும் பார்த்தால் போதும். மற்ற நேரம் குழுக்களின் ஒலியை நிறுத்தி வையுங்க. அவசரம் என்றால் யாரும் கூப்பிடத்தான் செய்வார்கள். சாப்பிடும் இடத்துக்கும் படுக்கைக்கும் கைப்பேசி வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். விட்ட இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால் நாலே நாளில் பழைய பழக்கம் திரும்பிவிடும். களை பிடுங்கிய இடத்தில் மூடாக்குப் போடாத கதைதான். ஐந்து முதல் ஏழு பேர் சேருங்க. வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், முறை வைத்து ஒருத்தர் வயல். அந்த வாரம் செய்ததில் ஒன்றையும், தீராத சிக்கல் ஒன்றையும் ஒவ்வொருவரும் சொல்லணும்.

வெறும் பேச்சு என்றால் நம்ம ஆளுங்க ரெண்டாவது வாரம் வரமாட்டாங்க. அதனால் கைக்கு வேலை கொடுங்க. 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 250 கிராம் நாட்டுச்சர்க்கரை, 200 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் அமுதக்கரைசல் 24 மணி நேரத்தில் தயார். அதை எல்லோரும் சேர்ந்து கலக்கலாம். உரக்குவியலைப் புரட்டலாம், விதை நெல்லைத் தூற்றலாம். முதல் இரண்டு வாரம் பேச்சு பயிரோடு நிற்கும். அவசரப்படுத்தாதீங்க, மற்றதும் தானாக வரும்.

இருநூறு பேர் உள்ள கைப்பேசிக் குழுவில் ஒருத்தர் ஒரு மாதம் பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது. பயிர் கருகியதா, வட்டிக்காரர் வீட்டுக்கு வந்தாரா என்று கேட்க ஆளில்லை. ஏழு பேர் கூடும் இடத்தில் ஒருத்தர் இல்லையென்றால் உடனே தெரியும். தொடர்ந்து இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்கு யாராவது ஒருத்தர் நேரில் போய்ப் பார்க்கணும் என்பதைக் குழுவின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்க.

இந்த வாரம் யாருடைய வயலில் கூடுவது என்று இன்றைக்கே பேசி முடிவு பண்ணுங்க. அதற்குக் கைப்பேசியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.