தையல் மெஷின் வாங்கப் போகிறீர்களா, சகோதரி?

நோன்பு இருபது கடந்துவிட்டால் உயிலங்குளத்தில் எங்கள் ராத்தாவின் வீட்டுத் திண்ணை துணிப் பொதிகளால் நிறைந்துவிடும். சிறுமிகளின் பெருநாள் கவுன், தாய்மாரின் சோளி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பர்தா, புதுமணப்பெண்ணின் அபாயா என்று ஒவ்வொரு பொதியிலும் ஒரு வீட்டின் பெருநாள் மகிழ்ச்சி கட்டி வைக்கப்பட்டிருக்கும். ஸஹருக்கு எழும்பும் அயல்வீட்டார் ராத்தாவின் மெஷின் சத்தத்தைக் கேட்டுத்தான் நேரம் அறிகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த மெஷினைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். கால் ஒரு காலத்தது, தலை இன்னொரு காலத்தது, பலகை ஊர் ஓடாவி செய்தது. பெயர் சொல்லிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று பிள்ளைகளின் படிப்பை அதுதான் சுமந்தது.

மன்னார் நகரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் பாதையில் இருக்கிறது உயிலங்குளம். போர்க்காலத்தில் சோதனைச்சாவடியின் பெயராகவே இந்த ஊரை நாடு அறிந்திருந்தது. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ராத்தாவின் குடும்பமும் ஒன்று. பெரியம்மாவின் தையல் மெஷினை யார் தூக்குவது? அது வீட்டிலேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த ராத்தா, அடுத்தவர் மெஷினில்தான் தையல் பழகினார்.

2009இல் போர் முடிந்த பின்னர் குடும்பம் ஊர் திரும்பியது. தவணை முறையில், பெயர் பெற்ற ஒரு மெஷினை ராத்தா வாங்கினார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. குறை வந்தது வருமானத்தில். மச்சான் நோயில் விழுந்து மூன்று தவணைகள் தவறின. பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் கடைக்காரர் ஆட்களுடன் வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாதி தைத்த துணிகள் திண்ணையில் கிடந்தன. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கச் சகோதரி தம் மெஷினை இரவில் தந்து உதவியதால் அந்த ஆண்டு ராத்தாவின் வாக்கு காப்பாற்றப்பட்டது.

பெருநாள் கழிந்த பிறகு, கிணற்றடிப் பற்றையை வெட்டும்போது இரும்புக் கால் ஒன்று அகப்பட்டது. பெரியம்மாவின் மெஷினின் கால்! தலையைக் காணோம், பலகையைக் கறையான் அரித்துவிட்டது. ஆனால் மிதியும் சக்கரமும் துருவுக்கு அடியில் உயிரோடு இருந்தன. அதைப் பார்த்த பழகிய மெக்கானிக் ஒருவர், "தங்கச்சி, கால் இருக்கு. இனித் தலை மட்டும் வாங்குங்க, போதும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதை நம் சகோதரிகள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே தலை, நூறு பெயர்கள்

அமெரிக்காவில் ஐசக் சிங்கர் தமது தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். 1856 அளவில் அவருடைய கம்பனி தவணை முறை விற்பனையைத் தொடங்கியது. இன்று நாம் தளபாடமும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்கும் தவணை முறையை உலகெங்கும் பரப்பியதில் தையல் மெஷினுக்குப் பெரும் பங்குண்டு. 1877இல் அந்தக் கம்பனி இலங்கைக்கும் வந்தது. அதனால்தான் நம் பாட்டிமாருக்குத் தையல் மெஷின் என்றாலே ஒரு பெயர்தான் நாவில் வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை மாறியது. போரில் நொறுங்கிப்போன ஜப்பானியத் தொழிற்சாலைகள், 1940களின் பிற்பகுதியில், சிங்கரின் 15ஆம் வகை மெஷினை மாதிரியாக வைத்து ஒரு பொது அளவை வகுத்துக்கொண்டன. ஒரு தொழிற்சாலை உடலை வார்க்கும்; இன்னொன்று ஷட்டிலைச் செய்யும்; மற்றொன்று பொபின் கேஸைச் செய்யும். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். இப்படிப் பூட்டிய மெஷின்கள் நூற்றுக்கணக்கான பெயர்களில் உலகம் முழுவதும் விற்கப்பட்டன. பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே உறுப்புகள் ஒன்றே.

இந்தியாவில் பஞ்சாபின் லுதியானா நகரிலும் சிறு பட்டறைகள் பல தையல் மெஷின் உறுப்புகளைத் தனித்தனியே செய்கின்றன. அவற்றை வாங்கிப் பூட்டித் தம் பெயரை ஒட்டி விற்பவர்களும் உண்டு. ஆகவே கடையில் நீங்கள் பார்க்கும் பெயர்ப் பட்டை, மெஷினைச் செய்தவரின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எது எதோடு பொருந்தும்?

வீட்டுத் தையல் மெஷினைத் தலை, பலகை, கால் என மூன்றாகப் பிரிக்கலாம். தைக்கும் வேலை முழுவதும் தலையில்தான் நடக்கிறது. ஊசி மேல் நூலைக் கீழே கொண்டுபோகிறது. கீழே உள்ள கொக்கி அந்த நூலின் வளையத்தைப் பிடித்துப் பொபினைச் சுற்றிக் கொண்டுவருகிறது. இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. காலும் பலகையும் அதற்குத் துணை நிற்பவை மட்டுமே.

முழு அளவுள்ள பழைய தலைகளின் அடித்தட்டு பெரும்பாலும் 14½ அங்குல நீளம், 7 அங்குல அகலம். 15ஆம் வகையைப் பின்பற்றிச் செய்த தலைகளும் இதே அளவுதான். அதனால் ஒரு கம்பனியின் பழைய காலில் இன்னொரு பட்டறையின் புதுத் தலை உட்கார்ந்துவிடுகிறது. ராத்தாவுக்கு ஓடாவி முதிரைப் பலகை ஒன்றை அறுத்து, இந்த அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். தலையைக் கையில் வைத்துக்கொண்டு அளந்த பிறகே பலகையை வெட்டச் சொல்லுங்கள். முதலில் பலகையை வெட்டிவிட்டுத் தலையைத் தேடினால் அலைச்சல்தான்.

பொபின், பொபின் கேஸ், ஊசி ஆகியவையும் இந்த வகைக்குப் பொது அளவானவை. ஊசிப் பொதியில் "எச்ஏ 1" அல்லது "15 பெருக்கல் 1" என்று இருந்தால் அது வீட்டு மெஷினுக்கு உரியது. "டிபி 1" என்று இருப்பது ஆடைத் தொழிற்சாலை மெஷினின் ஊசி. அதன் தண்டு முழு உருளை. வீட்டு ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டை. மாற்றிப் போட்டால் தையல் விழாது, கொக்கியும் கெடும்.

தலையைச் சோதிப்பது எப்படி?

கடைக்குப் போகும்போது மெல்லிய வொயில் துணித் துண்டு, தடித்த துணித் துண்டு, இரண்டு நிற நூல் ஆகியவற்றைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். காசு உங்களுடையது.

முதலில் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். எங்கும் இறுகாமல், தட்டாமல் ஓட வேண்டும். ஊசி பூட்டியிருக்கும் கம்பியைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். ஆடினால் உள்ளே தேய்மானம் உண்டு. தட்டுக்குக் கீழே துணியை நகர்த்தும் பற்களை விரலால் தடவுங்கள். கூர் மழுங்கியிருந்தால் துணி வழுக்கும். ஷட்டிலைக் கழற்றி அதன் கொக்கி முனையைப் பாருங்கள். அங்கே துருவோ கீறலோ இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

பிறகு மேலே ஒரு நிறம், பொபினில் இன்னொரு நிறம் நூல் போட்டுத் தையுங்கள். மேல் நூல் அடியிலோ, அடி நூல் மேலேயோ எட்டிப் பார்த்தால் இறுக்கம் சரியில்லை. இறுக்கத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். மெல்லிய துணியில் இரண்டு மடிப்பு, தடித்த துணியில் நான்கு மடிப்பு என இரண்டிலும் தைத்துப் பாருங்கள். பின்னோக்கியும் தைத்துப் பாருங்கள்.

ஒரு காந்தத் துண்டும் உதவும். உடலில் ஒட்டினால் அது வார்ப்பிரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினியம் எல்லாம் மோசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வார்ப்பிரும்பு என்று சொல்லி விற்பவரின் வார்த்தையைச் சோதிக்க இதைவிட எளிய வழியில்லை.

மோட்டர் வேண்டுமா?

ராத்தா முதலில் மோட்டர் வாங்கவில்லை. மிதியே போதும் என்றார். 2022ஆம் ஆண்டு அந்த முடிவின் அருமை தெரிந்தது. மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது நமக்கு நினைவிருக்கும். பல வீடுகளில் மெஷின்கள் ஓய்ந்து கிடக்க, ராத்தாவின் மிதி ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு முழங்கால் வலி வந்தபோது ஒரு சிறு மோட்டரைத் தலையின் பின்புறம் பூட்டிக்கொண்டார். மிதியைக் கழற்றவில்லை.

மோட்டர் வாங்கினால் அதன் பட்டையில் உள்ள வோல்ட் அளவைப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வரும் மெஷின்களில் 100 வோல்ட் மோட்டர் இருக்கக்கூடும். நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும்.

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பொருள்களின் விலை அதற்கேற்ப ஏறியது. விலை ஏறும்போது தவணை இனிப்பாகத் தெரியும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கைக்காசு விலை 80,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்பணம் 15,000, பிறகு மாதம் 4,000 வீதம் 24 மாதம் என்றால், மொத்தம் 1,11,000 ரூபா. 31,000 ரூபா அதிகம். அந்தத் தொகைக்கு எத்தனை சோளி தைக்க வேண்டும்? தவணை தவறினால் மேலதிகமாக என்ன அறவிடுவார்கள், மெஷினை எப்போது எடுப்பார்கள் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். அதில் வட்டி கலந்திருக்கிறதா என்பதை அறிந்த ஆலிமிடம் காட்டித் தெளிவதும் நம் கடமை.

ராத்தா என்ன செய்தார்? நம்பிக்கையான பத்துப் பெண்கள் சேர்ந்து வட்டியில்லாச் சீட்டு ஒன்று பிடித்தார்கள். மாதம் ஒருவருக்குத் தொகை. யார் எப்போது கட்டினார் என்பதை அப்பியாசக் கொப்பியில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்கள். தமது முறை வந்த மாதம் ராத்தா தலையை வாங்கினார். பலகை அடுத்த மாதம். தோல் வார், பொபின், ஊசி அதற்கடுத்து. ஒவ்வோர் உறுப்பும் வீட்டுக்கு வந்த நாளிலேயே அது அவருடையதாக இருந்தது. இனி யாரும் லொறியில் வந்து ஏற்றிக்கொண்டு போக முடியாது.

பெயர் பெற்றது எப்போது நல்லது?

நியாயமாகவும் பேச வேண்டும். பெயர் பெற்ற கம்பனி உத்தரவாதம் தரும். பழுதானால் பொறுப்பு ஏற்கும். பூவேலை செய்யும் மின்னணு மெஷின், ஓவர்லொக் மெஷின் போன்றவற்றை உறுப்பு உறுப்பாகச் சேர்ப்பது வீண் சோதனை. அவற்றை உத்தரவாதத்தோடு முழுதாக வாங்குவதே நல்லது. பக்கத்தில் மெக்கானிக் இல்லாத ஊரிலும் கம்பனி மெஷின் கைகொடுக்கும். ஆனால் நேர்த்தையலுக்கு, அன்றாட உடுப்புக்கு, தொழில் பழகும் பெண்ணுக்கு, நல்ல தலையும் பழைய காலும் தாராளமாகப் போதும்.

பேணினால் பேரப்பிள்ளைக்கும் உதவும்

மன்னார்ப் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு உண்டு. கோடையில் புழுதி உண்டு. இரண்டும் இரும்புக்குப் பகை. வேலை முடிந்ததும் பற்களுக்கு இடையே தேங்கிய பஞ்சைத் தூரிகையால் தட்டித் துணி போட்டு மூடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும். வொயிலுக்கு 9 அல்லது 11ஆம் இலக்க ஊசி, பருத்திக்கு 14, தடித்த அபாயாவுக்கும் திரைச்சீலைக்கும் 16 என்று மாற்றுங்கள். முனை மழுங்கிய ஊசியை மாற்றாமல் மெஷினைக் குறை சொல்லாதீர்கள்.

போன பெருநாளுக்கு நான் உயிலங்குளம் போயிருந்தேன். ராத்தாவின் இளைய மகள் பெரியம்மாவின் காலில் மிதித்துத் தன் தங்கைக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். "என்ன மெஷின் மகள் இது?" என்று கேட்டேன். தலை நிமிராமலே சொன்னாள்: "எங்கட மெஷின், சாச்சி."

அதைவிடப் பெரிய பெயர் எந்தக் கம்பனியிடம் இருக்கிறது?