பதுளைக் கடைத்தெருவும் தோட்டத்து உடையும்

கொழும்புக் கோட்டையிலிருந்து மலையேறும் ரயில் பாதை பதுளையில் முடிகிறது. 1894இல் பண்டாரவளை வரை வந்த தண்டவாளம் தெமோதரையின் வளைவுகளைச் சுற்றி இறங்கிப் பதுளையை எட்ட 1924 ஆயிற்று. மேலே இருக்கும் தோட்டங்களின் பாதைகளோ இந்த நகரத்தில்தான் தொடங்குகின்றன. ஸ்பிரிங்வெலி, பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை என ஒவ்வொரு பக்கத்துப் பஸ்ஸும் ஊவாவின் தலைநகரமான பதுளைக்குத்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. வருபவர்களில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர். பஸார் வீதியிலும் லோவர் வீதியிலும் உள்ள புடவைக் கடை, தையல் கடை, நகைக் கடை, அடகுக் கடை ஆகியவற்றின் வியாபாரம் பெரிதும் இவர்களை நம்பியே நடக்கிறது. பெருநகரங்களின் ஓவியக் கூடங்களும் வடிவமைப்பாளர்களின் பெயர்ப் பலகைகளும் இங்கே இல்லை. ஆனால் நிறத்தைத் தேர்வதும், துணியின் தரத்தைத் தொட்டுப் பார்த்து அறிவதும், உடம்புக்குப் பொருந்தத் தைப்பதும் கலையென்றால், அந்தக் கலை இந்த வீதிகளில் தினமும் நடக்கிறது.

கடைத்தெருவின் நாட்காட்டி தோட்டத்துச் சம்பளத்தோடு பிணைந்தது. வழக்கமாக மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் கிடைக்கும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையில் நகரம் நிரம்பும். ஆண்டின் பெரிய வியாபாரம் தீபாவளியில். தோட்டங்கள் தரும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் அதன் பெரும்பங்கு துணிக்குப் போய்விடும். அந்த முற்பணம் பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படுவதால், தீபாவளிச் சேலையின் விலையை அதை உடுத்தி முடித்த பிறகும் பல மாதம் கொழுந்து பறித்தே அடைக்க வேண்டும். 2021இல்தான் நாட்சம்பளம் 1000 ரூபா என்று சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, அந்த ஆயிரத்துக்கு என்ன துணி கிடைத்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். அப்படியும் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு இல்லாமல் தீபாவளியைக் கடக்கத் தோட்டத்துத் தாய்மார் விரும்புவதில்லை. இதை வீண் செலவு என்று சொல்வோர் ஆண்டு முழுவதும் அழுக்கிலும் ஈரத்திலும் நிற்கும் வேலையை அறியாதவர்கள்.

அந்த வேலை உடையே தனியாகப் பார்க்க வேண்டிய ஒரு வடிவமைப்பு. காலையில் செடிகள் பனியிலும் மழையிலும் நனைந்திருக்கும். கவ்வாத்து வெட்டிய கிளைகளின் முனைகள் துணியைக் கிழிக்கும். அதனால் பழைய சேலை அல்லது பாவாடைக்கு மேல் இடுப்பைச் சுற்றித் தடித்த விரிப்பொன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் படங்கு. முன்பு சாக்காக இருந்தது. இப்போது பெரும்பாலும் தண்ணீர் ஊறாத பிளாஸ்டிக் விரிப்பு. மேலே நீளக்கைச் சட்டை, பல சமயம் வீட்டு ஆண்களின் பழைய ஷேர்ட். கூடையின் கயிறு தலையில் பதிவதால் அந்த இடத்தில் துணியைப் பல மடிப்பாக மடித்துப் போட வேண்டும். பறித்த கொழுந்தின் பாரம் முழுதும் கழுத்தில் இறங்காதபடி அந்த மடிப்பை எங்கே வைப்பது என்பது தாயிடமிருந்து மகள் கற்கும் நுட்பம். மூங்கிலில் பின்னிய கூடைகள் குறைந்து, பொலித்தீன் சாக்குகளும் வலைப் பைகளும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. சாக்கு பாரம் குறைவு. ஆனால் கூடை போலக் காற்றோட்டம் அதற்குக் கிடையாது. உள்ளே அமுங்கிச் சூடேறும் கொழுந்து கெட்டுவிடும்.

மழைக்குப் பழைய தலைமுறை போட்டது கம்பளி. முரட்டுக் கம்பளியை மடித்துத் தலையை மூடி முதுகில் தொங்கவிடுவார்கள். தோட்டம் கொடுத்த அரிசியைப் போலவே அதன் விலையும் கூலியில் பிடிக்கப்பட்டது; தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியிடம் ஏற்கெனவே இருந்த கடனோடு கம்பளிக் கடனும் சேர்ந்தது. அதே மலையில் பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, கையில் பிரம்போடு நின்றார். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை உடையே சொல்லிவிட்டது. இன்று நகரத்துக்கு இறங்கி வரும் தோட்டத்துப் பெண்ணின் உடையில் அப்படி எதையும் படித்துவிட முடியாது. அதுவே அவர்கள் விரும்புவதும். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவள் என்று முதல் பார்வையில் தரம் பிரிக்கப்படாமல் கடைக்குள் நுழைவதற்கு நல்ல சேலை ஒரு காப்பு.

சேலைகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. சூரத்தின் செயற்கை இழைச் சேலைகள் கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் வழியாகப் பதுளைக்கு ஏறுகின்றன. புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் துணியை உதறி விரித்துக் காட்டும் இளைஞர்களில் பலர் மலையகத் தோட்டங்களிலிருந்து போனவர்களே. புதிய மோஸ்தர் பல வீடுகளுக்குள் முதலில் நுழைவது, விடுமுறைக்கு வரும் அண்ணன் அல்லது மாமனின் பையில்தான்.

துணி வாங்கியதும் அடுத்த வாசல் தையல் கடை. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையொன்றை ‘அளவுச் சட்டை’ என்று கொடுத்தால் போதும், அளவு நாடா எடுக்க வேண்டியதில்லை. கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும், கைக்கு என்ன கரை என்பதைப் பேசித் தீர்ப்பதில்தான் நேரம் போகும். தீபாவளிக்கு முந்திய வாரம் இந்தக் கடைகளில் இரவிலும் மெஷின் ஓடும்.

நகைக் கடையும் அடகுக் கடையும் அருகருகே இருப்பது தற்செயல் அல்ல. வங்கிக் கணக்கு எட்டாமல் இருந்த காலத்தில் தோட்டத்துக் குடும்பத்தின் சேமிப்பு தோட்டிலும் மூக்குத்தியிலும் சங்கிலியிலும் இருந்தது. முந்தைய தலைமுறைப் பெண்களின் தொங்கும் காதுகளில் தண்டட்டி ஆடியது. பின்னர் அவற்றை உருக்கிச் சிறு தோடுகளாகச் செய்துகொண்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நகை அடகுக்குப் போகும், சம்பளம் கூடிய மாதத்தில் மீண்டுவரும். 2022இல் ஒரு பவுன் ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டிய பிறகு புதிதாக வாங்குவோர் குறைந்தார்கள்.

கடைகள் ஓவியத்தையும் தோட்டத்துக்குக் கொண்டுசென்றன. ஆண்டு முடிவில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முருகன், லட்சுமி, மாரியம்மன் படக் கலண்டர்கள் லயத்துக் காம்பராவின் சுவரில் தொங்கும். ஆண்டு முடிந்ததும் திகதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போட்டுச் சாமி மூலையில் வைப்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்கு அதுவே ஓவியக் கூடம். தோட்டத்தின் சொந்தக் கலை மாசி மாதத்தில் காமன் கூத்தில் வெளிப்படும். அட்டையை வெட்டி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டி மன்மதனுக்குக் கிரீடம் செய்வார்கள். ரதி வேடம் கட்டும் ஆணுக்கு வீட்டுப் பெண்கள் தங்கள் நல்ல சேலையையும் நகையையும் கொடுப்பார்கள். கடைத்தெருவில் வாங்கிய பொருள்கள் தப்பு என்னும் பறையின் அடிக்குத் தெய்வ உருவம் பெறுகின்றன. பதுளை நகரில் கண்டிக் காலத்துக் கலைமரபும் உண்டு: கதிர்காம தேவாலயத்தின் சுவரோவியங்கள் அதற்குச் சாட்சி. ஹாலிஎலைக்கு அருகே போகொடையில் ஓட்டுக்கூரை வேய்ந்த மரப்பாலமும் இருக்கிறது. அந்த மரபு நூல்களில் நன்கு பதிவாகியிருக்கிறது. லயத்துக் கலைக்கு அந்தக் கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் தோட்டத்துப் பெண்ணின் உருவத்துக்குக் கிடைத்த கவனம் கொஞ்சநஞ்சமல்ல. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கி, தம்பத்தன்னையில் தொழிற்சாலை கட்டினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்ற அவருடைய விளம்பரத்தில் கூடை சுமந்த பெண்ணின் படம் இடம்பெற்றது. அதே 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்ற புகைப்பட நிலையங்கள் நகை அணிந்த தமிழ்ப் பெண்களை நிற்கவைத்துப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக விற்றன. அந்தப் பெண்ணின் பெயர் பொதுவாக எந்த அட்டையிலும் இருக்காது. இன்றும் ரயில் ஏறிவரும் வெளிநாட்டுப் பயணிகளுக்காக எல்லவில் பெருகிய கடைகளில் மரப் பொம்மையாகவும் பத்திக் துணியாகவும் காந்த ஒட்டியாகவும் அவள் விற்கப்படுகிறாள். எப்போதும் சிரித்தபடி, உலர்ந்த வெயிலில், பளிச்சென்ற சேலையில் இருப்பாள். படங்கும் பழைய ஷேர்ட்டும் அதில் இல்லை. விற்பனையில் அவளுக்குப் பங்கும் இல்லை. இந்தப் படத்துக்குப் பதில் சொல்லும் கலைஞர்கள் மலையகத்திலிருந்தே வரத் தொடங்கியிருக்கிறார்கள்: ஹனுஷா சோமசுந்தரம் பாவித்த தேயிலைப் பைகளையே ஓவியப் பொருளாக்கித் தோட்ட வாழ்வை வரைகிறார். கம்பளை வீதியில் ரம்பொடைக்கு அருகே 2007 முதல் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம், லயத்து வீட்டுப் பொருள்களையும் வேலைக் கருவிகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

துணியோடு தோட்டத்துக்கு இன்னொரு உறவும் உண்டு. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் வேலையைக் கிராமப் புறங்களுக்குக் கொண்டுவந்தது. கொழுந்து பறிக்க விரும்பாத இளம் பெண்கள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள்; இன்னும் போகிறார்கள். ஏற்றுமதி ஆடையின் ஒரு காலரையோ ஒரு பையையோ நாள் முழுதும் தைத்துப் பழகிய கை, முழு உடுப்பை வெட்டித் தைக்கப் பிறகுதான் கற்கிறது. கற்றவர்களில் சிலர் திருமணத்துக்குப் பின் லயத்திலேயே தவணைக்கு ஒரு மெஷின் வாங்கிவைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சட்டையும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நூலும் பொத்தானும் லைனிங் துணியும் பஸார் வீதியிலிருந்தே போகின்றன.