5,000 ரிங்கிட் சம்பளம் நிஜமாவே ஒரு லட்சமா? மாமாக் கடை பில் சொல்ற கணக்கு

மலேசியாவில் மாசம் 5,000 ரிங்கிட் சம்பளம். ஒரு ரிங்கிட் 20 ரூபாய். அப்போ மாசம் ஒரு லட்சம்!

ஆரணியில் ஆடிட்டரா பிராக்டிஸ் பண்றதால இந்தக் கணக்கை நான் அடிக்கடி கேட்கறேன். அப்பா, தாத்தா தறியில உட்கார்ந்த வீட்டுப் பிள்ளைங்க இப்போ டிப்ளமோ, பி.இ., பி.காம் முடிச்சுட்டு செய்யாறு சிப்காட்லயும் சென்னையிலயும் வேலைல இருக்காங்க. அதுல ரெண்டு மூணு பேருக்கு கோலாலம்பூர்ல இருந்து ஆஃபர் லெட்டர் வருது. செல்போன் கால்குலேட்டர்ல 20-ஆல பெருக்கிட்டு நேரா என் ஆபீசுக்கு வர்றாங்க. கேள்வி ஒண்ணுதான்: "சார், போலாமா?"

போலாமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த 20-ஆல பெருக்கற கணக்கு எங்கே சரி, எங்கே தப்புன்னு சொல்ல முடியும். அதுக்கு எக்செல் ஷீட்டை விட நல்ல கருவி ஒண்ணு இருக்கு. கோலாலம்பூர் போயிருந்தப்ப நான் தினமும் சாப்பிட்ட மாமாக் கடையோட பில்.

மாமாக் கடைன்னா என்ன?

மாமாக் கடைங்கறது தமிழ் முஸ்லிம்கள் நடத்துற சாதாரண சாப்பாட்டுக் கடை. "மாமாக்"ங்கற பேரே நம்ம "மாமா"வில் இருந்து வந்ததுதான்னு சொல்வாங்க. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்துல இருந்து தலைமுறை தலைமுறையா போனவங்க உருவாக்கினது. நிறைய கடை ராத்திரி முழுக்க திறந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய டிவியில ஃபுட்பால், ஒரு மேசையில சீனர், அடுத்த மேசையில மலாய்க்காரர், அதுக்கு அடுத்ததுல நம்மாளு. ஒரு டீயை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்துபோன்னு யாரும் சொல்றதில்லை.

மெனு கார்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ரொட்டி சானாய்ங்கறது நம்ம பரோட்டாவோட ஒன்றுவிட்ட தம்பி. கொஞ்சம் மெலிசா, மொறுமொறுன்னு இருக்கும். பருப்புக் குழம்பு, மீன் குழம்பு, சம்பல் கூட வரும். எதுவும் சேர்க்காதது வேணும்னா "ரொட்டி கோசோங்", முட்டை போட்டதுன்னா "ரொட்டி தெலூர்". தே தாரிக்னா கண்டன்ஸ்டு மில்க் ஊத்தி நம்ம ஊர் மாதிரியே தூக்கி ஆத்துற டீ. சர்க்கரை குறைச்சல் வேணும்னா "குராங் மானிஸ்"னு சொல்லணும். சொல்லலேன்னா பாயசம் குடிக்கற மாதிரி இருக்கும், முன்னாடியே சொல்லிட்டேன்.

மதியத்துக்கு நாசி கண்டார். பினாங்குல தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ரெண்டு பக்கமும் பாத்திரம் தொங்குற காவடிக் கம்பைத் தோள்ல சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு வித்த சோறு அது. "கண்டார்"ங்கறது அந்தக் கம்போட பேர். இன்னைக்கு தட்டுல சோறு வச்சு, கோழியோ மீனோ வச்சு, நாலு வகைக் குழம்பைக் கலந்து ஊத்தித் தர்றாங்க. சைவம் சாப்பிடறவங்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாழை இலைச் சாப்பாடு இருக்கு.

பரோட்டா கணக்கு

இப்போ பில்லுக்கு வருவோம். கோலாலம்பூர்ல சாதாரண மாமாக் கடையில ரொட்டி கோசோங் 1.80 ரிங்கிட், தே தாரிக் 2.50 ரிங்கிட்னு வச்சுக்குவோம். இடத்தைப் பொறுத்து 20, 30 சென் மேலே கீழே இருக்கும். ரெண்டு ரொட்டி, ஒரு டீ: 6 ரிங்கிட் 10 சென். ரூபாயில 122.

அதே டிபன் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம்? பரோட்டா 15, டீ 15. மொத்தம் 45 ரூபாய்.

5,000 ரிங்கிட்டை 6.10-ஆல வகுத்தா 820 டிபன். அந்த 820 டிபனை ஆரணியில வாங்க எவ்வளவு ஆகும்? 820-ஐ 45-ஆல பெருக்குங்க. 36,900 ரூபாய்.

அதாவது கோலாலம்பூர்ல பரோட்டாவும் டீயுமா வாழ்ந்தா, அந்த "ஒரு லட்சம்" ஆரணியில 37,000 ரூபாய் சம்பளத்துக்குச் சமம். இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. தி எகனாமிஸ்ட் பத்திரிகை 1986-லேயே பிக் மேக் பர்கரை வச்சு நாடுகளோட கரன்சியை ஒப்பிட ஆரம்பிச்சாங்க. நாம பர்கருக்கு பதிலா பரோட்டாவை வச்சிருக்கோம், அவ்வளவுதான்.

ஆனா இதோட நிறுத்தினா அரைகுறைக் கணக்கு. அதே கடையில கோழி வச்ச நாசி கண்டார் 12 ரிங்கிட்னு எடுங்க. சம்பளத்துக்கு 416 தட்டு வரும். ஆரணி சிக்கன் பிரியாணி ஒரு பிளேட் 160 ரூபாய்னா, 416 பிளேட்டுக்கு 66,560 ரூபாய். பிரியாணியில அளந்தா அதே சம்பளம் 66,000-க்கு மேல நிக்குது! ஒரு ஐபோன் வாங்கப் போனீங்கன்னா வரி வித்தியாசம் போக ரெண்டு ஊர்லயும் ஏறக்குறைய ஒரே விலை. அங்கே உங்க சம்பளம் கிட்டத்தட்ட முழு ஒரு லட்சம்தான்.

ஏன் இப்படி? பரோட்டாவுல மாவை விட மாஸ்டரோட கைக்கூலிதான் பெருசு. மலேசியாவில 2025 பிப்ரவரி 1-ல இருந்து குறைந்தபட்ச சம்பளமே மாசம் 1,700 ரிங்கிட். அந்தக் கூலி ஒவ்வொரு ரொட்டியிலயும் ஏறும். கோழியில கூலி கொஞ்சம், தீவனமும் சரக்கும் அதிகம். செல்போன் உலகச் சந்தைச் சரக்கு. நெசவு வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். ஒரு பட்டுப்புடவை விலையில பட்டுநூல், ஜரிகை எவ்வளவு, தறிக்கூலி எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கறதுதானே அது. நூல் விலை எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கூலிதான் ஊருக்கு ஊர் மாறும்.

மனுஷன் கை எவ்வளவு படுதோ அந்த அளவுக்கு அங்கே விலை ஜாஸ்தி. முடிவெட்டறது, ரூம் வாடகை, பிளம்பர் எல்லாம் பரோட்டா கட்சி.

எதை 20-ஆல பெருக்கணும்?

நீங்க அங்கே செலவு பண்ற ரிங்கிட்டை 20-ஆல பெருக்கறதுல அர்த்தமே இல்லை. அது அந்த ஊர்லயே கரைஞ்சு போற காசு. ஊருக்கு அனுப்பறீங்க இல்லையா, அந்த மிச்சம் மட்டும்தான் நிஜமாவே 20 ரூபாயா மாறும். (ரேட் தினமும் மாறும். கணக்கு சுலபமா இருக்கட்டும்னு 20 எடுத்திருக்கேன்.)

அப்போ மிச்சம் எவ்வளவு?

சம்பளம் 5,000. 2025 அக்டோபர் சம்பளத்துல இருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் அங்கே பி.எஃப். கட்டாயம், ஊழியர் பங்கு 2 சதவீதம். அது 100 போச்சு. வரி, ரெசிடென்ட்டா இருந்தா, மாசத்துக்குச் சுமார் 125. கைக்கு 4,775. பகிர்ந்துக்கற ரூமுக்கு 800, போக்குவரத்துக்கு 200, போனுக்கு 50, துணிமணி, மருந்து, சினிமா எல்லாம் சேர்த்து 400 வைங்க. இதுல ஒரு சின்ன விஷயம்: அங்கே இருக்கிற நண்பர்கள் "மாசம் 50 ரிங்கிட் பாஸ்ல பஸ், ரயில் எல்லாம் போலாம்"னு சொல்வாங்க. மை50-ங்கற அந்த பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். நமக்குக் கிடையாது.

அடுத்து சாப்பாடு. காலையில 6, மதியம் 12, ராத்திரி 10. மூணு வேளையும் மாமாக் கடைன்னா நாளைக்கு 28 ரிங்கிட், மாசம் 840. எல்லாம் போக மிச்சம் 2,485 ரிங்கிட். இதை 20-ஆல பெருக்குங்க: 49,700 ரூபாய்.

இப்போ ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் மாலுக்கு மாத்திப் பாருங்க. ஒரு மெயின் டிஷ் 20, ஒரு ஜூஸ் 8. விலைக்குப் பக்கத்துல "++"னு சின்னதா போட்டிருப்பாங்க. ஒரு பிளஸ் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இன்னொரு பிளஸ் 6 சதவீத சர்வீஸ் டாக்ஸ். 28 ரிங்கிட் 32 ஆயிடும். நாளைக்கு 50, மாசம் 1,500. மிச்சம் 1,825 ரிங்கிட், அதாவது 36,500 ரூபாய்.

ஒரே ஒரு வேளை எங்கே உட்கார்ந்து சாப்பிடறோம்ங்கறதுல மாசம் 13,200 ரூபாய். வருஷத்துக்கு 1,58,400.

நான் சாப்பிட்ட கடையில ரொட்டி வீசறவர் செய்யாறு பக்கத்துக்காரர். சாப்பாடும் தங்கற இடமும் கடையிலேயே. கைக்கு 2,000 ரிங்கிட் சுமார் வருது, மாசாமாசம் 1,500 அனுப்பிடறதா சொன்னார். அது 30,000 ரூபாய். 5,000 ரிங்கிட் சம்பளத்துல மால்ல சாப்பிடற இன்ஜினியர் அனுப்பறதுக்கும் இவர் அனுப்பறதுக்கும் 6,500 ரூபாய்தான் வித்தியாசம். இதைக் கேட்டு அவர் வாழ்க்கை சுகம்னு நினைச்சுடாதீங்க. பன்னெண்டு மணி நேரம் கல்லு முன்னாடி நிக்கறார். ஏஜென்ட்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கின கடனை அடைக்கவே முதல் வருஷம் போயிடுச்சாம். விசா வாங்கித் தர்றேன்னு யார் பணம் கேட்டாலும், அந்தப் பணத்தை மாச மிச்சத்தால வகுத்து எத்தனை மாசம்னு பாக்கணும். அந்தக் கணக்கை அவர் போன பிறகுதான் போட்டிருக்கார்.

பில்லைப் படிக்கக் கத்துக்கோங்க

மாமாக் கடையில காசு ஓட்டை எங்கே இருக்குன்னு பார்த்தா, ரொட்டியில இல்லை, கிளாஸ்ல இருக்கு. தே தாரிக் 2.50, நாளைக்கு மூணு தடவைன்னா மாசம் 225 ரிங்கிட். 4,500 ரூபாய் டீ! ஐஸ் போட்டா இன்னும் ஏறும். வெந்நீருக்கும் சில கடையில 30, 50 சென் வாங்குவாங்க, ஆனா அது பரவாயில்லை.

அடுத்த ஓட்டை நாசி கண்டார் வரிசை. கோழியும் முட்டைக்கோஸும் வாங்கினா 12-க்குள்ள முடியும். பளபளன்னு இருக்கற இறாலையோ, பெரிய கணவாயையோ கைநீட்டினா பில் அப்படியே இரட்டிப்பாகும். தட்டுல விழறதுக்கு முன்னாடி விலையைக் கேளுங்க. கேட்கறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை, அங்கே எல்லாரும் கேட்கறாங்க, பதிலும் பெரும்பாலும் தமிழ்லயே வரும்.

வரி விஷயம். மலேசியாவில வருஷ வியாபாரம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தொடற ரெஸ்டாரன்ட்தான் 6 சதவீத சர்வீஸ் டாக்ஸ் வாங்கணும். தெருமுனைச் சின்னக் கடையில அது இருக்காது. பெரிய கிளை கிளையா இருக்கற மாமாக் கடையில இருக்கும்.

இதே கண்ணோட நம்ம ஊர் பில்லையும் பாருங்க. இங்கே சாதாரண ரெஸ்டாரன்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆனா கம்போசிஷன் திட்டத்துல இருக்கற கடை உங்ககிட்ட ஜி.எஸ்.டி.ன்னு தனியா ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவங்க பில்லுல "கம்போசிஷன்"ங்கற வார்த்தை அச்சாகி இருக்கணும். அந்த வார்த்தையும் இருந்து, கீழே 5 சதவீதமும் போட்டிருந்தா, தாராளமா கேள்வி கேளுங்க. சர்வீஸ் சார்ஜ் இங்கே கட்டாயம் இல்லை. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைத்தான் சொல்லிச்சு.

சும்மா சுத்திப் பாக்கப் போறவங்களுக்கு ஒரு வரி: சின்ன மாமாக் கடைங்கள்ல ரொக்கமோ அந்த ஊர் க்யூஆரோதான் ஓடும், அதனால சில்லறை நோட்டு வச்சுக்கோங்க. பெரிய கடையில கார்டு தேய்க்கும்போது மெஷின் "ரூபாயா, ரிங்கிட்டா?"ன்னு கேட்டா ரிங்கிட்டை அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா அந்த மெஷின்காரர் வைக்கறதுதான் ரேட்.

ஆஃபர் லெட்டர்ல பாக்க வேண்டியது

மேலே வரி 125-தான்னு போட்டேன் இல்லையா, அது ரெசிடென்ட்டுக்கு. ஒரு காலண்டர் வருஷத்துல 182 நாள் அங்கே இருந்தாதான் பொதுவா ரெசிடென்ட். இல்லேன்னா நான்-ரெசிடென்ட், சம்பளத்துல நேரா 30 சதவீதம், எந்தக் கழிவும் கிடையாது. 5,000-ல 1,500 போயிடும். மூணு வேளையும் மாமாக் கடையில சாப்பிட்டாலும் மிச்சம் 1,110 ரிங்கிட், 22,200 ரூபாய்தான். ஜூலை முதல் வாரம் தாண்டி வேலையில சேர்ந்தா அந்த வருஷத்துக்கு 182 நாள் வராது. அடுத்த வருஷமும் இடைவெளி விடாம அங்கேயே இருந்தா, ரெண்டையும் இணைச்சு ரெசிடென்ட்டா எடுத்துக்க அவங்க சட்டத்துல வழி இருக்கு, கூடுதலா பிடிச்சதை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனா அது கைக்கு வர்ற வரைக்கும் ரூம் அட்வான்ஸ், வாடகை, ஏஜென்ட் கடன் எல்லாம் காத்துக்கிட்டு இருக்காது.

ஆரணியில சொந்த வீட்டுல இருந்துக்கிட்டு 37,000 வாங்கி 20,000 மிச்சம் பிடிக்கற ஒருத்தர், நல்ல மாசத்துல 49,700 மிச்சத்துக்குப் போறது லாபம்தான். மறுக்கல. அதே ஆள் அக்டோபர்ல போய்ச் சேர்ந்து, 30 சதவீதம் பிடிச்சுக்கிட்டு, ராத்திரி மால்ல சாப்பிட்டா மிச்சம் 450 ரிங்கிட். 9,000 ரூபாய். அதனால எச்.ஆர்.கிட்ட சம்பளத்தைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: ஜாயினிங் தேதியை ஜனவரிக்குத் தள்ளலாமா, கம்பெனி கேன்டீன் இருக்கா?