உஷார்! நஞ்சில் சுண்ணாம்பு படிகிறதா?

ஏழாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிளசென்டா கிரேடு 3’ (அதாவது நஞ்சுக்கொடியில் சுண்ணாம்புப் படிவு) என்று போட்டிருக்கிறதா? முதலில் ஒன்று: கால்சியம் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! “மாத்திரை தின்னுதான் நஞ்சுல சுண்ணாம்பு கட்டிடுச்சு” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். தப்பு. ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருந்தாலும், நஞ்சில் திசு செத்த இடத்தில் சுண்ணாம்பு படியும். உணவில் கால்சியம் போதாத பெண்களுக்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வராமல் தடுக்கவும் அந்த மாத்திரை உதவுகிறது. நிறுத்தினால் ஆபத்துதான்.

37 வாரம் தாண்டி இப்படிப் படிவது பெரும்பாலும் நஞ்சு முதிர்வதன் அடையாளம், பயம் வேண்டாம். 32 வாரத்துக்கு முன்பே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும். ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் எல்லாம் டாக்டர் தாமாகவே விசாரிப்பார். விட்டுப்போவது தொற்றுதான்.

அதில் முதலாவது சிபிலிஸ். பழைய கதை என்று நினைக்காதீர்கள். அறிகுறியே இல்லாமல் உடலில் இருக்கும். முற்றிய தொற்றில் நஞ்சு வெளுத்துத் தடித்துவிடும். தொப்புள்கொடியின் மேற்புறம் சிவப்பு, வெளிர்நீலம், சுண்ணாம்பு வெள்ளை என்று பட்டை பட்டையாக இருக்கலாம். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். இத்தனைக்கும் தீர்வு பென்சிலின் ஊசி! பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். கணவருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தொற்றும். மூன்றாம் மாதம் எடுத்த விடிஆர்எல் (சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் என்பது எட்டாம் மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

அடுத்து, பலர் பெயரே கேள்விப்படாத சைட்டோமெகலோ வைரஸ். சின்னக் குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும். மூத்தது மிச்சம் வைத்த சோற்றை வழித்துச் சாப்பிடும் அம்மாக்களே, இந்த மாதங்களில் மட்டுமாவது வேண்டாம். பூனைக் கழிவு, அரைவேக்காட்டுக் கறி வழியாக வரும் டாக்ஸோபிளாஸ்மா இன்னொன்று. கொசு பரப்பும் ஜிகா வைரஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரேசிலில் கர்ப்பமாகி, அங்கேயே ஜிகா தொற்றிய ஓர் ஐரோப்பியப் பெண்ணின் நஞ்சில் சுண்ணாம்புப் படிவுகள் இருந்ததை 2016-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஜிகாவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும்.

அதற்காக நீங்களாகவே லேபுக்குப் போய், இத்தகைய தொற்றுகளைத் தேடும் ‘டார்ச் டெஸ்ட்’ எடுக்காதீர்கள். என்றோ வந்துபோன தொற்றுக்கும் ‘பாசிட்டிவ்’ காட்டும். தூக்கம் போகும், காசும் போகும். குழந்தையின் எடை சரியாக ஏறுகிறதா, டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், உடம்பில் தடிப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

இன்னொன்றும் உண்டு. பிரசவம் முடிந்ததும் நஞ்சு கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போய்விடும். குழந்தை எடை குறைவாக இருக்கும் என்று முன்பே தெரிந்தால், நஞ்சை ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் லேபுக்கு அனுப்பும்படி, லேபர் வார்டுக்குள் போகும் முன்பே டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.